யன்னலோரத்து இச்சி

ஒரு முழத்துக்கும் குறைந்த மரமொன்று என் யன்னலோரத்திலே நிற்கின்றது. ஆலுக்கு உறவான இச்சி அது. காட்டில் நின்றிருப்பின் விழுதூன்றிப் பரந்திருக்கும். இவ்வாறு வளர்ப்பதை யப்பானியர் ‘போன்சாய்’ என்பர். தட்டில் நட்டது என்பது பொருள். கலை பிறந்த இடமோ சீனம்.

மரத்தைப் பட்டினி போட்டுக் குறுக்குகின்றார்கள் என்பார் பலர். நானும் ஒருகால் அவ்வாறே எண்ணியவன். பட்டினி கிடக்கும் மரம் நலியுமேயன்றி அழகு பெறாது.

கிளைக்கு உருக்கொடுப்பது கம்பி. கிளையின் பருமனில் மூன்றிலொரு பங்குள்ள அலுமினியக் கம்பியைத் தண்டிலே பற்றவைத்து, ஏறத்தாழ 45 பாகைச் சாய்விற் சுற்றி, பெருவிரல்களால் மெல்ல வளைக்க வேண்டும். வளைவின் வெளிப்புறத்தே கம்பி படிந்திருந்தால் கிளை எளிதில் முறியாது. வளைவு நிலைபெறச் சில மாதங்கள் செல்லும். அதற்காக மறந்திருக்கலாமா? நான் மறந்தேன். கிளை பருத்தது, கம்பி பட்டையைக் கடித்து உட்புகுந்தது. பதறிப்போய்ச் சுற்றவிழ்த்தேன், பட்டை உரிந்து பால் வடிந்தது. குறட்டினாலே துண்டு துண்டாக நறுக்கியெடுத்திருக்க வேண்டும். அத்திருகுத் தழும்பு இன்றும் உண்டு.

சாடி மாற்றுதற்கு இன்னும் நெஞ்சுரம் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில் வேர்கள் சாடிச் சுவரையொட்டி வளையமாய் நெருங்கிவிடும். ஊற்றிய நீர் மேலேயே நிற்கும். வெட்டக் கை நடுங்கும். வெட்டாது விடுவதே கொடுமை. நீரை உறிஞ்சுவன பருத்த வேர்களல்ல, நுனியிலுள்ள மெல்லிய வேர்களே. மூன்றிலொரு பங்கை அரிந்தால், வெட்டிய இடத்தருகே புதிய சல்லிவேர்கள் தோன்றும். சாடித் துளைகளுக்கு வலைத்துண்டிட்டு, நீர் தேங்காத பரல்மண்ணைக் குச்சியாற் குத்தி வேரிடையெல்லாம் நிரப்பி, மரம் அசையாதபடி கம்பியாற் கட்டிவிட வேண்டும். பின்னர்ச் சில வாரங்கள் எருவும் கடுவெயிலும் ஆகா. அன்றே கிளைக்கும் கம்பி சுற்றுதல் இரட்டைத் தண்டனை.

வேரை அரிந்தால் ஆயுள் குறையுமென்று அஞ்சுவோர், யமாகி குடும்பத்தாரின் பைன் மரத்தை எண்ணிப் பார்க்கலாம். அது திறந்த வெளியில் வளரும் இனம். 1625 முதல் சாடியிலே பயிற்றப்பட்டு வருவது. 1945 ஆகஸ்ட் 6 இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீற்றரில், சுவரொன்றின் மறைவில் நின்று தப்பியது. 1976 இல் ஐக்கிய அமெரிக்காவுக்குப் பரிசளிக்கப்பட்டு வாசிங்டன் தேசிய மரத்தோட்டத்தைச் சேர்ந்தது. அது குண்டுக்குத் தப்பிய மரமென்பது அங்குள்ளோருக்குப் புலனானது 2001 இல், பேரர் இருவர் அதனைக் காண வந்தபோதுதான். இத்தனை தலைமுறைகளில் எத்தனை கைகள் அதன் வேரை அரிந்திருக்கும்!

என் இச்சிக்கு இவ்வாண்டு சாடி மாற்றும் முறை. கத்தரியைத் தீட்டி வைத்திருக்கின்றேன்.