சம்பளமும் வெளிவேலையும்: வரிக்குக் கணக்கு ஒன்றுதான்



பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஐடி கம்பெனியிலோ வேலை. இரவில் வீட்டிலிருந்தே வெப்சைட், டிசைன், மொழிபெயர்ப்பு, ஆன்லைன் டியூஷன். ஆவடி, பூந்தமல்லி வரை நம் பிள்ளைகள் பலருக்கு இன்று இரண்டு வழியில் வருமானம் வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். வரி பற்றிக் கேட்டால் மட்டும், "அதெல்லாம் கம்பெனியிலேயே பிடித்துவிடுகிறார்கள்" என்கிறார்கள். கம்பெனி பிடிப்பது அது கொடுக்கும் சம்பளத்துக்கு மட்டுமே. வெளிவேலைப் பணம் அவர்கள் கணக்கில் வராது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆண்டுச் சம்பளம் 9 லட்சம். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு போக 8.25 லட்சம். 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் கம்பெனி ஒரு ரூபாய்கூடப் பிடிக்காது. வெளிவேலையில் செலவு போக 5 லட்சம் நிற்கிறது. தனியாகப் பார்த்தால் இதற்கும் வரி இல்லை போலத் தோன்றும். சட்டமோ இரண்டையும் கூட்டுகிறது: 13.25 லட்சம். தள்ளுபடி போய்விட்டது, செஸ் சேர்த்து வரி 81,900 ரூபாய். வேலை கொடுத்தவர் டிடிஎஸ் பிடித்திருந்தால் அது இதில் கழியும். வெளிநாட்டு வாடிக்கையாளர் பெரும்பாலும் எதுவும் பிடித்திருக்க மாட்டார்.

டிடிஎஸ் போக மீதி வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், ரிட்டர்ன் போடும்வரை காத்திருக்க முடியாது. முன்கூட்டிய வரியாக ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும் கட்டியிருக்க வேண்டும். தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. வட்டிக்குப் பயந்து வீட்டுக் கடன்கூட வேண்டாம் என்று வாடகை வீட்டிலேயே இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, தேதி தெரியாமல் போனதற்காக வட்டி கட்டுவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வெளி வருமானத்தைக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் எழுதிக் கொடுத்தால் அந்த வரியையும் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் வெளிவேலை செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். 2022-ல் விப்ரோ நிறுவனம், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகச் சொல்லி 300 பேரை நீக்கியது. வேலை போவது ஒருபுறம். கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கும் அமானிதம்தானே.

வெளிவேலை வருமானம் இருந்தால் ஐடிஆர்-1 படிவம் செல்லாது. ஐடிஆர்-3 அல்லது 4. பொறியியல், கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற சில தொழில்களுக்கு, வரவில் குறைந்தது பாதியை வருமானமாகக் காட்டும் எளிய முறை உண்டு. அவர்கள் முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம். உங்கள் வேலை இதில் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் சம்பளத்துக்கு மட்டும். எஸ்டேட்டில் 18,000 ரூபாய் வாங்கும் சகோதரர் மாலையில் 6,000 சம்பாதித்தால், 21,000 வரம்பைத் தாண்டி இ.எஸ்.ஐ. போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். அந்த வரம்புக்குக் கம்பெனிச் சம்பளம்தான் கணக்கு. அதே சமயம், வெளிவேலை நன்றாக ஓடுகிறதென்று வேலையை விடுபவர், முதலாளி கட்டும் பி.எஃப். பங்கும் குடும்பத்துக்கான இ.எஸ்.ஐ. மருத்துவமும் நின்றுபோகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பிரசவம் நெருங்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல.

ஜகாத் கொடுப்பதால் வருமான வரி குறையுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். குறையாது, இரண்டும் வேறு வேறு கடமைகள்.

ஆடிட்டரிடம் போகும்போது படிவம் 16, ஆண்டு முழுவதற்குமான வங்கி ஸ்டேட்மென்ட், வெளிவேலைக்குக் கொடுத்த பில்கள், இன்டர்நெட், லேப்டாப் செலவு ரசீதுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் உள்ள ஏஐஎஸ் அறிக்கையையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். டிடிஎஸ் பிடித்த விவரம் துறைக்கு ஏற்கெனவே போயிருப்பது அதில் தெரியும்.