எண் ஒன்றுதான், அளவுகோல் வேறு!

நாற்பது கிலோ ரப்பர் பால் நிறுத்துக் கொடுத்தால், அதில் ரப்பர் எவ்வளவு இருக்கும்? நாற்பது கிலோவும் ரப்பர்தான் என்று தோட்டத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அதனால்தான் தராசில் நிறுத்ததோடு நில்லாமல், மெட்ரோலாக் என்னும் மிதக்கும் கருவியைப் பாலில் விட்டு அதன் தரத்தையும் பார்ப்பார்கள். நூற்றுக்கு 35 பங்கு ரப்பர் உள்ள நாற்பது கிலோ பாலில் கிடைப்பது 14 கிலோ. மழைத்தண்ணீர் கலந்து அது 28 பங்காக இறங்கிவிட்டால் கிடைப்பது 11 கிலோவுக்குச் சற்று மேல். தராசு காட்டும் எண் ஒன்றேதான். ஆனால் கூலி ஒன்றல்ல.

ஓர் எண்ணைப் பார்த்தவுடன், “இது எந்த அளவுகோலின் எண்?” என்று கேட்கும் புத்தியைப் பால்மரம் நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. அந்தப் புத்தியைப் பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கை கைக்கு வரும்போது மட்டும் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

நால்வகை எண்கள்

1946ஆம் ஆண்டில் ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர், அளவுகோல்களை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார். அவர் சொன்னதை நம் ஊர் வழக்கிலேயே பார்ப்போம்.

முதலாவது, பெயருக்காக இடும் எண். தோட்டத்தில் 12ஆம் நம்பர் காடு, 6ஆம் நம்பர் காட்டைவிட இரு மடங்கு பெரியது என்று பொருளல்ல. அது வெறும் அடையாளம்.

இரண்டாவது, வரிசையைக் காட்டும் எண். வகுப்பில் முதல் மாணவன் 95 புள்ளி, இரண்டாமவன் 94, மூன்றாமவன் 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3 என்ற வரிசை சரிதான். ஆனால் முதலுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரம் ஒரு புள்ளி; இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள தூரமோ 24 புள்ளி. அந்த வேறுபாட்டை வரிசை எண் சொல்லாது.

மூன்றாவது, இடைவெளி சமமாக உள்ள எண். வெப்பநிலை இந்த வகை. குருணில் 30 டிகிரி, கேமரன் மலையில் 15 டிகிரி என்றால் வித்தியாசம் 15 டிகிரி என்று சொல்லலாம். குருணின் வெயில் இரு மடங்கு என்று சொல்லக்கூடாது. செல்சியஸ் அளவில் சுழியம் என்பது தண்ணீர் உறையும் நிலை. வெப்பமே இல்லாத நிலையல்ல.

நான்காவது, உண்மையான சுழியத்திலிருந்து தொடங்கும் எண். எடை, நீளம், உயரம் எல்லாம் இவ்வகை. பத்துக் கிலோ ஐந்து கிலோவைப் போல் இரு மடங்குதான். 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையில் பாதி உயரம் ஏறியவன் பாதி ஏறியவன்தான், அதில் சந்தேகமில்லை.

கல் சொல்லும் பாடம்

1812இல் பிரெடரிக் மோஸ் என்னும் ஜெர்மானியர், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். எது எதைக் கீறுகிறதோ அதுவே கடினமானது என்பது அவருடைய விதி. நகத்தால் கீறக்கூடிய மாக்கல்லுக்கு 1, வைரத்துக்கு 10. ஜெராய் மலைப் பாறைகளில் மிகுதியாக உள்ள படிகக்கல்லுக்கு 7. அது கண்ணாடியைக் கீறிவிடும். ஓடையில் கிடக்கும் வெள்ளைக் கூழாங்கல்லையும் பழைய போத்தலையும் வைத்துப் பிள்ளைகளே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

இந்த வரிசையில் 9ஆம் இடம் குருந்தக்கல்லுக்கு. அதற்கு அடுத்த 10தான் வைரம். வித்தியாசம் ஒரே ஓர் எண். ஆனால் கருவியால் அளந்து பார்த்தால் வைரம் குருந்தக்கல்லைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு கடினமானது! மோஸின் எண்கள் வரிசையைச் சொல்கின்றன; தூரத்தைச் சொல்வதில்லை.

நிலநடுக்கக் கணக்கு

இன்னும் விந்தையானது நிலநடுக்கக் கணக்கு. 1935இல் சார்லஸ் ரிக்டர் கலிபோர்னியாவில் வகுத்த அளவுகோலில், ஓர் எண் கூடினால் கருவியில் பதியும் அதிர்வு பத்து மடங்கு கூடும். வெளிப்படும் ஆற்றலோ சுமார் 32 மடங்கு கூடும். பெரிய நிலநடுக்கங்களுக்கு ரிக்டரின் முறை போதாததால் 1979இல் வேறொரு முறை வகுக்கப்பட்டது. இன்று அறிஞர்கள் கையாள்வது அதுதான். எண்கள் ஏறும் கணக்கு மட்டும் பழையபடியே.

2015 ஜூன் 5ஆம் நாள் சபா மாநிலத்தின் ரானாவில் 6.0 அளவில் நிலம் அதிர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமத்ராவில் அதிர்ந்தது 9.1 அளவில். எண்ணைப் பார்த்தால் ஒன்றரை மடங்கு போலத் தோன்றும். உண்மையில் சுமத்ராவில் வெளிப்பட்ட ஆற்றல் சுமார் 45 ஆயிரம் மடங்கு!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 9.1 என்பது நிலம் பிளந்த இடத்தில் வெளிப்பட்ட ஆற்றலின் அளவு. ஓர் ஊரில் எவ்வளவு அதிர்ந்தது என்பதற்கு மெர்க்காலி அளவுகோல் என்று 12 படிகள் கொண்ட தனி அளவுகோல் உண்டு. அதே நிலநடுக்கம் ஆச்சேயில் கட்டடங்களைச் சாய்த்தது. நம் பக்கம் லேசாகவே உணரப்பட்டது. காலை ஒன்பது மணியளவில் நில அதிர்வு. நண்பகலுக்குப் பிறகு கோத்தா குவாலா மூடாவின் கரையில் ஆழிப்பேரலை! குருண் இருக்கும் அதே குவாலா மூடா மாவட்டத்தில் வீடுகளும் படகுகளும் நொறுங்கின. நாடு முழுவதும் 68 உயிர்கள் போயின. இடையில் சில மணி நேரம் இருந்தும் எச்சரிக்க இந்துமாக்கடலில் அன்று ஓர் ஏற்பாடு இல்லை. அதிர்வு லேசாக இருந்ததே என்று கடலோரத்தில் நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பதை அந்த நாள் காட்டியது. அதிர்வை அளக்கும் கோல் அலையை அளக்காது.

பிள்ளையின் அறிக்கை

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. இன்று ஆரம்பப் பள்ளியில் வகுப்பறை மதிப்பீடு நடக்கிறது. பிள்ளை 1 முதல் 6 வரை ஏதேனும் ஓர் அடைவுநிலையைப் பெறுகிறது. ‘3’ என்று கண்டதும், “ஆறுக்கு மூன்றா? பாதிதானா?” என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் உண்டு.

இங்கேதான் மெட்ரோலாக்கை நினைக்க வேண்டும். அந்த 3, ஆறில் பாதி அல்ல. பாடத்தை அறிந்து, புரிந்து, செய்யவும் முடிகிறது என்பதே அதன் பொருள். குறைந்த அளவுத் தேர்ச்சியைப் பிள்ளை எட்டிவிட்டது என்று கொள்ள வேண்டும். 4 பெற்ற பிள்ளை 2 பெற்ற பிள்ளையைவிட இரு மடங்கு அறிவாளியும் அல்ல. மோஸின் கற்களைப் போல இவை வரிசைப் படிகள். சமமாக வெட்டிய படிகள் அல்ல.

ஏ, பி என்னும் தரங்களும் இப்படித்தான். 80 புள்ளிக்கு ஏ என்று ஒரு பள்ளி வைத்திருந்தால், 79க்கும் 80க்கும் இடையே ஒரு புள்ளிதான். ஆனால் தரம் மாறிவிடுகிறது. 80 பெற்றவனும் 99 பெற்றவனும் ஒரே தரத்தில் நிற்கிறார்கள். அண்டை வீட்டுப் பிள்ளையின் எழுத்தோடு நம் பிள்ளையின் எழுத்தை ஒப்பிட்டு வருந்துவதில் பயன் என்ன?

பெற்றோர்களே! அறிக்கை கைக்கு வந்ததும் ஆசிரியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த எண்ணுக்கு என்ன பொருள்? என் பிள்ளைக்கு எது செய்ய வருகிறது, எது இன்னும் வரவில்லை? அடுத்த படிக்கு வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால், 3 என்ற எண் அச்சமூட்டாது. அடுத்து எங்கே கால் வைக்க வேண்டும் என்று வழிகாட்டும்.

அளவுகோல்கள் நமக்கு உதவுவதற்காக வந்தவை. எண்ணைப் படிக்குமுன் அது எந்தக் கோலில் எழுதியது என்று பாருங்கள். பிள்ளையின் மனமும் வாடாது, வீட்டின் அமைதியும் கெடாது.