அடிக்கடி காணாமல் போகும் ஹார்ட் டிஸ்க்

பைல் காப்பி ஆகிக் கொண்டிருக்கும். திடீரென ஒரு சத்தம். திரையைப் பார்த்தால் டிரைவைக் காணோம்! வயரைக் கழற்றி மீண்டும் செருகினால், ஒன்றுமே நடக்காதது போல் வந்து நிற்கும். வீட்டு சர்வரில் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கை இணைத்துள்ள பலருக்கும் பழக்கமான தொல்லை இது.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் என் சித்தப்பா வீட்டிலும் இதே கதைதான். பட்டுத் தறி ஓடும் வீடு. தம்பி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை சர்வராக மாற்றி, அதில் 1 டெராபைட் டிஸ்க்கை இணைத்து ஷேர் செய்திருந்தான். ஜக்கார்டு அட்டை குத்துவதற்கான பார்டர், முந்தி டிசைன் பைல்கள் எல்லாம் அதில்தான். கட்டம் கட்டமாக வரைந்து ஒரு டிசைனை முடிக்கப் பல நாட்கள் ஆகும். வேறு காப்பியும் கிடையாது.

“டிஸ்க் போச்சுண்ணா. புதுசு வாங்கிடலாமா?” என்று போனில் கேட்டான்.

“வாங்கலாம். முதல்ல உள்ள இருக்கறத வெளிய எடு” என்றேன்.

முதல் வேலை காப்பி

டிரைவ் தெரிகிற நேரத்தில், மிக முக்கியமான போல்டர்களை மட்டும் முதலில் வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். மொத்தமாக இழுக்காமல் சிறு சிறு பகுதிகளாக எடுங்கள். அதற்கு முன் செக் டிஸ்க் சோதனையை இயக்க வேண்டாம். பழுதான டிஸ்க்காக இருந்தால், அந்தச் சோதனையே அதன் கடைசி ஓட்டமாகிவிடலாம். ‘டக் டக்’ என்று தட்டும் ஒலி கேட்டால் உடனே நிறுத்திவிட்டு, டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள்.

எப்போது போகிறது?

அடுத்து, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ஈவண்ட் வியூவரைத் திறந்திடுங்கள். விண்டோஸ் லாக்ஸ் பிரிவில் சிஸ்டம் என்பதைக் கிளிக் செய்தால் நீண்ட பட்டியல் கிடைக்கும். அதில் சோர்ஸ் ‘டிஸ்க்’ என்றுள்ள வரிகளைப் பாருங்கள். எண் 157 என்றால், டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் அகற்றப்பட்டது என்று பொருள். எண் 7 என்றால் டிஸ்க்கில் பேட் பிளாக் உள்ளது. கூடவே, ஒவ்வொன்றும் நடந்த நேரத்தைக் குறித்துக் கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றாக மாற்றுங்கள்

1. சும்மா இருக்கும்போது போகிறதா? பவர் ஆப்ஷன்ஸ் சென்று, அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை டிசேபிள் செய்திடுங்கள். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் டேபில், மின்சாரத்தைச் சேமிக்க அதை நிறுத்த அனுமதிக்கும் டிக் அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள்.

2. காப்பி ஆகும்போது போகிறதா? மின்சாரம் போதவில்லையோ என்று சந்தேகப்படுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியரும், 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியரும் தரும். ராஸ்பெரி பை 4 போர்டில் நான்கு போர்ட்டுகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். கேபினட்டின் பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். போதாவிட்டால் தனி அடாப்டர் உள்ள ஹப் பயன்படுத்துங்கள்.

3. வயரைத் தொட்டாலே போகிறதா? கேபிளை மாற்றுங்கள். பல போர்ட்டபிள் டிஸ்க்குகளில் உள்ள அகலமான மைக்ரோ பி பிளக் எளிதில் தளர்ந்துவிடும்.

4. இவற்றில் சரியாகாவிட்டால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராமில் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். 05, சி5 என்ற வரிகளில் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றும் காலம் வந்துவிட்டது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் குற்றவாளி யாரென்று தெரியாது.

சித்தப்பா வீட்டில் நடந்தது

பைல்களைத் தம்பி இரவில் காப்பி செய்தான். ஒரு முறை கூட டிஸ்க் போகவில்லை. மறுநாள் நான் போய் ஈவண்ட் வியூவரைப் பார்த்தேன். 157 என்ற எண் வரிசையாக இருந்தது. எல்லாமே பகல் நேரம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று கூட இல்லை. எண் 7 எங்குமே இல்லை.

பகலில் ஓடி, சாப்பாட்டுக்கு நிற்பது எது? தறி! ஜக்கார்டு பெட்டியைத் தாங்கும் மரச்சட்டத்தில் பலகை அடித்து, அதன் மேல் டிஸ்க்கை வைத்திருந்தான். தறி ஓடும் ஒவ்வொரு அதிர்விலும் தளர்ந்த பிளக் ஆடிக்கொண்டிருந்தது.

டிஸ்க்கை எதிர்ச்சுவர் அலமாரிக்கு மாற்றி, புதிய கேபிள் ஒன்றைப் போட்டோம். தறி ஓடத் தொடங்கியது. மாலை வரை டிரைவ் அசையவில்லை.

இருந்தாலும் புது டிஸ்க் ஒன்று வாங்கத்தான் சொன்னேன். பழையதற்குப் பதிலாக அல்ல, இரண்டாவது காப்பிக்காக. வீட்டில் எல்லோருக்கும் ஷேர் செய்து வைத்திருப்பது பேக்கப் ஆகாது. அந்த டிஸ்க் போனால் எல்லோருக்கும் சேர்த்தே போகும். உங்கள் வீட்டு டிஸ்க் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதா? காப்பி எடுக்கச் சரியான நேரம் இதுதான்.