பெட்டியில் 64 ஜிபி, கையில் எவ்வளவு?

விலை குறைந்த போன் வாங்குபவருக்கே இழப்பு அதிகம்

தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளிக் கடைவீதியில் ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலம் வாங்கினால், அதன் மேல் நிகர எடை அச்சிட்டிருக்கும். உறையின் எடை அதில் சேராது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. எடை குறைந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் நடவடிக்கை எடுக்கலாம். அதே கடைவீதியில் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் செல்போனுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. '64 ஜிபி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது மொத்த அளவு. போட்டோவும் வீடியோவும் வைத்துக்கொள்ள நமக்கு மிஞ்சும் இடம் அதைவிட வெகுவாகக் குறைவு.

மீதி எங்கே போகிறது?

முதலாவது, கணக்கு. கம்பெனிகளுக்கு ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட். கணினி உலகில் நெடுங்காலமாக 1,024-இன் மடங்குகளில் எண்ணும் வழக்கமும் உண்டு. அதன்படி ஒரு ஜிபி 107 கோடி பைட்டுக்கும் மேல். அந்த அளவுகோலில் 64 ஜிபி 59.6 ஆகச் சுருங்கிவிடும்.

இது சின்னக் குறைவுதான். பெரிய இடத்தைப் பிடிப்பவை ஆண்ட்ராய்டு போன்ற இயங்குதளமும், போனோடு சேர்ந்தே வரும் ஆப்களும். விலை குறைந்த போன் என்பதற்காக இயங்குதளம் அதே விகிதத்தில் சிறுத்துவிடாது. அது 20 ஜிபி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 256 ஜிபி போனில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 64 ஜிபி போனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. காசு அதிகம் உள்ளவர் கவனிக்காமலே கடந்துபோகும் இழப்பு, ஈஎம்ஐயில் போன் வாங்கியவருக்குச் சில மாதங்களிலேயே 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வந்து நிற்கிறது.

இதற்கு மேல் ரேம் விளம்பரம் ஒன்று சேர்ந்திருக்கிறது. '16 ஜிபி ரேம் வரை' என்பார்கள். உள்ளே இருக்கும் ரேம் 8 ஜிபிதான். மீதி 8 ஜிபி, இன்டர்னல் ஸ்டோரேஜிலிருந்து எடுத்துக் காட்டுவது. ரேமின் வேகம் அதற்கு வராது. அந்த வசதியை இயக்கினால் ஸ்டோரேஜில் 8 ஜிபி குறையும். ஒரே இடத்தை இரண்டு பெயரில் இரண்டு முறை விற்கும் வேலை இது.

உலகம் கேட்ட கேள்வி

இந்தப் புகார் நம் ஊரில் மட்டும் எழுந்ததல்ல. 2013-இல் வந்த 16 ஜிபி சாம்சங் கேலக்ஸி எஸ்4-இல் பயன்படுத்தக் கிடைத்தது சுமார் 9 ஜிபி. அதே ஆண்டு மைக்ரோசாஃப்டின் 64 ஜிபி சர்ஃபேஸ் ப்ரோவில் மிஞ்சியது 23 ஜிபி. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 8 வந்தபோது, சொன்ன கொள்ளளவில் 23.1 சதவீதம் வரை கிடைக்கவில்லை என்று 2014 டிசம்பரில் ஆப்பிள் மீது கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். ஷாங்காய் நுகர்வோர் அமைப்பு 2015-இல் சாம்சங், ஓப்போ இரண்டையும் நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஒரு போனில் 44, இன்னொன்றில் 71 ஆப்கள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தன என்பது அதன் குற்றச்சாட்டு.

எல்லா வழக்கும் வாங்கியவர் பக்கம் முடியவில்லை. பென் டிரைவ் தயாரிக்கும் சான்டிஸ்க் மீதான இதே போன்ற வழக்கை அமெரிக்க நீதிமன்றம் 2020-இல் தள்ளுபடி செய்தது. ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது கம்பெனியைக் காப்பாற்றியது. பொடி எழுத்தின் பலம் அது.

சட்டம் நம் பக்கம்

இந்தியச் சட்டம் பொடி எழுத்துக்கு அவ்வளவு இடம் கொடுக்கவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளின் அளவு குறித்துத் தவறான எண்ணம் தருவதையும், முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறான விளம்பரம் என்கிறது. முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு. 2022 ஜூன் 9-இல் வந்த வழிகாட்டுதல்களின்படி, விளம்பரத்தின் பொறுப்புத்துறப்பு வாசகம் விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். தமிழில் பெரிதாக விளம்பரம் செய்துவிட்டு, ஓரத்தில் ஆங்கிலத்தில் நிபந்தனை போடுவது இந்த விதிக்கு முரணானது.

இதைப் பயன்படுத்த டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. தவறான விளம்பரம் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம் என்கிறது சட்டம். தருமபுரியில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு போதும். இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பெங்களூரில் வாங்கியிருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பில்லும் பெட்டியும் பத்திரமாக இருக்கட்டும். போனை வாங்கிய அன்றே, ஒரு ஆப்கூட ஏற்றும் முன், செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் சாட்சி.

ஆனால் வாங்குபவர் விழிப்போடு இருந்தால் போதும் என்று அரசு ஒதுங்கிவிடக் கூடாது. பயன்படுத்தக் கிடைக்கும் இடம் இத்தனை ஜிபி, உண்மையான ரேம் இத்தனை ஜிபி என்று மொத்த அளவுக்குப் பக்கத்திலேயே, அதே பெரிய எழுத்தில், தமிழிலும் அச்சிடச் சொல்லி விதி வர வேண்டும். கம்பெனிகளுக்கு அந்த எண் நன்றாகவே தெரியும். அதைச் சொல்ல வைப்பது அரசின் கடமை.