கார் பட்டறைக்குக் கருவி வாங்கும் முன்

கார் பழுது பார்க்கும் பட்டறைகள் நம் நாட்டில் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. இந்தப் பட்டறைகளில் பல இளைஞர்கள் வேலை கற்றுக்கொள்கிறார்கள். வேலை சொல்லித் தரும் மூத்த மெக்கானிக்கை வட இந்தியாவில் 'உஸ்தாத்' என்று அழைப்பார்கள். நான்கைந்து ஆண்டுகள் உஸ்தாதிடம் வேலை பார்த்தபின், தனியாகப் பட்டறை வைக்கும் ஆசை வரும்.

அதுவரை உஸ்தாதின் கருவிகளை வைத்தே வேலை நடந்தது. இனி சொந்தக் கருவி வேண்டும். கையில் இருப்பதோ சிறிய தொகை. சிலர் வீட்டு நகையை அடகு வைக்கிறார்கள். சிலர் வங்கியில் கடன் வாங்குகிறார்கள். 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 'சிசு' என்ற பிரிவு உண்டு. அதில் 50,000 ரூபாய் வரை கடன் கிடைக்கும். சொத்தை ஈடு வைக்கத் தேவையில்லை. ஆனால் கடன் கடன்தான். திருப்பிக் கட்ட வேண்டும்.

அந்தப் பணத்தில் எதை வாங்குவது? எதைத் தள்ளிப் போடுவது?

விலை மலிவாக இருக்கிறது என்று சிலர் ஒரு ஸ்பானர் செட் வாங்குகிறார்கள். நல்ல செட்டைவிட 500 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் துருப்பிடித்த போல்ட் ஒன்றைக் கழற்ற வேண்டியிருக்கிறது. ஸ்பானரின் வாய் விரிந்துவிடுகிறது. போல்ட் தலையின் ஆறு மூலைகளும் மழுங்கி, தலை உருண்டையாகிவிடுகிறது. இனி எந்த ஸ்பானரும் அதைப் பிடிக்காது. அதை வெல்டிங் வைத்துக் கழற்ற வேண்டும். அல்லது துளை போட்டு எடுக்க வேண்டும். அரை நாள் வேலை போச்சு. கார்க்காரரிடம் அதற்குக் கூலி கேட்க முடியுமா? முடியாது. 500 ரூபாய் மிச்சம் ஒரே போல்ட்டில் போய்விட்டது.

ஆகவே கருவி வாங்கும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. இந்தக் கருவி வேலை நடுவில் கைவிட்டால் என்ன ஆகும்? சில கருவிகள் கைவிட்டால் ஒன்றும் ஆகாது. எண்ணெய் ஊற்றும் புனல், தட்டு, கம்பி பிரஷ் எல்லாம் அப்படி. அவற்றை மலிவாகவே வாங்கலாம். சில கருவிகள் கைவிட்டால் போல்ட் போகும். சில கைவிட்டால் உயிரே போகும். பணத்தை அங்கேதான் போட வேண்டும்.

எந்த அளவு ஸ்பானர்?

முதலில், உங்கள் ஊரில் எந்தக் கார்கள் அதிகம் ஓடுகின்றன என்று பாருங்கள். எல்லா அளவும் எல்லாக் காருக்கும் தேவைப்படாது.

மாருதி கார்களில் 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் நட்டுகளே பெரும்பாலும் வரும். இது ஜப்பானிய வழக்கம். மாருதி 800 கார் ஜப்பானின் சுசுகி நிறுவனத்தோடு சேர்ந்து 1983-இல் வந்தது. அந்த வழக்கமும் கூடவே வந்தது. டாடா, மஹிந்திரா வண்டிகளில் 13 மில்லிமீட்டர் அதிகம் தேவைப்படும். பழைய அம்பாசடரில் இன்ச் அளவு நட்டுகள் உண்டு. அந்தக் கார் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. அம்பாசடர் வருகிற பட்டறைக்கு மட்டும் இன்ச் செட் போதும்.

அரை இன்ச் நட்டுக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பானர் போட்டால் என்ன? அரை இன்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். வித்தியாசம் மிகச் சிறியது. ஆனால் அந்தச் சிறிய இடைவெளிதான் நட்டின் மூலையைத் தின்கிறது.

கடையில் இரட்டை வாய் ஸ்பானர்கள் ஜோடி ஜோடியாக வரும். 6-7, 8-9, 10-11, 12-13 என்று போகும். பட்டறைகளில் 'பத்து-பதினொன்று கொடு' என்றுதான் கேட்பார்கள். எட்டு ஸ்பானர் உள்ள செட் 20-22 வரை இருக்கும். மாருதி வேலைக்கு 8-9 முதல் 18-19 வரை உள்ள ஆறு ஸ்பானர்கள் போதும். சில கடைகளில் தனித்தனியாகவும் கிடைக்கும். கேட்டுப் பாருங்கள்.

இரட்டை வாய் ஸ்பானர் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும். ரிங் ஸ்பானர் சுற்றிலும் பிடிக்கும். ஆகவே இறுகிய நட்டை இளக்க ரிங் ஸ்பானர்தான் சரி. பணம் குறைவு என்றால் முதலில் நல்ல ரிங் செட் வாங்குங்கள். வாய் ஸ்பானரை அடுத்த மாதம் வாங்கலாம்.

சாக்கெட்டிலும் இரண்டு வகை. உள்ளே ஆறு மூலை உள்ளது ஒன்று. பன்னிரண்டு மூலை உள்ளது இன்னொன்று. பன்னிரண்டு மூலை சாக்கெட் எளிதில் நட்டில் உட்காரும். ஆனால் பழைய, துருப்பிடித்த நட்டுக்கு ஆறு மூலைதான் நல்லது. அது மூலையை விட்டு நட்டின் பக்கவாட்டில் பிடிக்கும். 46 துண்டு, 108 துண்டு என்று பெரிய பெட்டி காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். உள்ளே பாதிக்கு மேல் சின்னச் சின்ன முனைகள். துண்டுகளை எண்ணி விலை போடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய ஆறு சாக்கெட், ராட்செட் கைப்பிடி, நீட்டுத் தண்டு, ஸ்பார்க் பிளக் சாக்கெட் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நல்ல இரும்பை எப்படி அறிவது?

நல்ல ஸ்பானர் சூடான எஃகை அச்சில் வைத்து அடித்துச் செய்யப்படுகிறது. மட்டமான ஸ்பானர் வார்ப்பு இரும்பாக இருக்கலாம். பாரம் கொடுத்தால் அது வளையாது. பட்டென்று உடையும். கை போய் இன்ஜினில் இடிக்கும்.

'குரோம் வனேடியம்' என்று ஸ்பானரில் பொறித்திருப்பார்கள். அது நல்ல எஃகு. ஆனால் எழுத்தை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். எனவே கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு தாடையும் ஒரே தடிமனாக இருக்கிறதா? முலாம் உரிந்திருக்கிறதா? வேலையில் உள்ள ஒரு நல்ல போல்ட்டை எடுத்துச் செல்லுங்கள். ஸ்பானரை அதில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பஞ்சாபில் ஜலந்தர், லூதியானா, ராஜஸ்தானில் நாகௌர் ஆகிய ஊர்களில் கைக்கருவிகள் நிறையத் தயாராகின்றன. ஜலந்தர் கருவிகள் வெளிநாடுகளுக்கும் போகின்றன. எனவே வெளிநாட்டுச் சரக்குதான் நல்லது என்று இல்லை. பெயரைக் கவனமாகப் படியுங்கள். பேர்பெற்ற கம்பெனியின் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றிப் போலிகள் வரும். எழுத்துக் கூட்டிப் படிப்பவரை ஏமாற்றுவது கடினம்.

குழாய் மாட்டலாமா?

நட்டு இளகாவிட்டால் ஸ்பானரில் இரும்புக் குழாய் மாட்டி இழுப்பது வழக்கம். நீளம் கூடினால் பலம் கூடும். 30 சென்டிமீட்டர் கைப்பிடியில் 30 கிலோ பலம் கொடுக்க வேண்டிய இடத்தில், 60 சென்டிமீட்டரில் 15 கிலோ போதும். ஆனால் ஸ்பானர் அந்த நீளத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் வாய் விரியும். ராட்செட்டின் உள்ளே பல் உடையும். இதற்கென்றே நீண்ட 'பிரேக்கர் பார்' கிடைக்கும். அதற்குள் பற்கள் இல்லை. உடைய ஒன்றுமில்லை. விலையும் அதிகமில்லை. ராட்செட்டைக் காப்பாற்ற இதை வாங்குங்கள்.

இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்று அது சொல்லும். சிறிய கார்களின் சக்கர நட்டுக்கு ஏறக்குறைய 80 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். சரியான அளவு அந்தந்தக் காரின் புத்தகத்தில் இருக்கும். டார்க் ரெஞ்சை வைத்து நட்டைக் கழற்றாதீர்கள். அது பழுதாகிவிடும்.

ஜாக்கி

இங்கே விலை பேச வேண்டாம். மாருதி 800 சிறிய கார். அதன் எடையே சுமார் 650 கிலோ. ஜாக்கியின் உள்ளே எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் அடைப்பில் ஒரு சிறிய ரப்பர் வளையம் இருக்கிறது. அந்த வளையம் தேய்ந்தால் எண்ணெய் கசியும். ஜாக்கி இறங்கும். காரின் அடியில் ஆள் இருந்தால் என்ன ஆகும்?

எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஜாக்கியாக இருந்தாலும், அது காரைத் தூக்க மட்டுமே. தாங்கி நிற்க ஸ்டாண்டு வேண்டும். ஜாக்கி வாங்கும் அன்றே இரண்டு ஸ்டாண்டும் வாங்கிவிடுங்கள். பணம் போதாவிட்டால் கிரைண்டரைத் தள்ளிப் போடுங்கள். ஸ்டாண்டைத் தள்ளிப் போடாதீர்கள். பல பட்டறைகளில் செங்கல்லும் சிமெண்ட் கல்லும் அடுக்கி வைப்பார்கள். பாரம் ஏறினால் கல் திடீரென்று நொறுங்கும்.

மின்சாரக் கருவிகள்

புதிய பட்டறைக்கு முதல் நாளே மின்சாரக் கருவி தேவையில்லை. வேலை வரத் தொடங்கியபின் வாங்கலாம். எந்த வேலை திரும்பத் திரும்ப வருகிறது என்று அப்போது தெரியும்.

கிரைண்டர்தான் மிகவும் ஆபத்தானது. 4 இன்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 முறை சுற்றும். வட்டத்தகட்டின் மேல் அதன் அதிகபட்ச வேகம் அச்சிட்டிருக்கும். அது கிரைண்டரின் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். 7 இன்ச் தகட்டின் வேகம் சுமார் 8,500 தான். சிலர் கிரைண்டரின் மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய தகடு மாட்டுகிறார்கள். தகடு வெடித்தால் துண்டுகள் முகத்தில் பாயும். தகட்டின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் இருக்கும். மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் அதையும் படியுங்கள்.

காற்றிலோ மின்சாரத்திலோ ஓடும் இம்பேக்ட் கன் சக்கர நட்டை நொடியில் கழற்றும். அதற்குக் கறுப்பான, தடித்த சாக்கெட்டே வேண்டும். பளபளக்கும் சாதாரண சாக்கெட் அதன் அடியைத் தாங்காது. சிதறும்.

கருவியின் உடம்பில், ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இரட்டைக் காப்பு உள்ளது என்பதற்கு அடையாளம். அந்தக் குறி இல்லாத கருவிக்கு மூன்று முள் பிளக்கும் நல்ல எர்த் இணைப்பும் கட்டாயம். பட்டறைத் தரை ஈரமாக இருக்கும். வயரும் பிளக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக வாங்குங்கள். பேட்டரியில் ஓடும் கருவி வாங்கினால், அதே பேட்டரி வேறு எந்தக் கருவிகளுக்குப் பொருந்தும் என்று கேளுங்கள். பல நேரம் கருவியைவிட பேட்டரிக்குத்தான் விலை அதிகம்.

பழைய கருவி

அகமதாபாதில் சபர்மதி ஆற்றங்கரையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய பொருள் சந்தை கூடும். அதுபோன்ற சந்தைகளில் பழைய ஸ்பானரும் வைஸும் கிடைக்கும். நல்ல எஃகுக்கு வயது ஒரு குறையல்ல. விரிசல் இல்லை, வாய் விரியவில்லை என்றால் தைரியமாக வாங்கலாம். ஜாக்கியையும் கிரைண்டரையும் அங்கே வாங்காதீர்கள். உளியின் தலை காளான்போல் விரிந்திருந்தால், தேய்த்துச் சரிசெய்த பிறகே அடிக்க வேண்டும்.

புதிய கருவிக்குக் கட்டாயம் பில் வாங்குங்கள். பில் இல்லாமல் உத்தரவாதச் சீட்டு பயன்படாது. 'தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் பொருந்தாது' என்று கடைக்காரர் சொல்லக்கூடும். தன் பிழைப்புக்காக, தானே வேலை செய்ய வாங்கிய கருவிக்கு அந்தச் சட்டம் பொருந்தும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இது எழுதப்பட்டிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கு முன் 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி வழி கேட்கலாம்.