முதலில் ஒரு பட்டன்

பிள்ளைக்குத் தையல் சொல்லித்தர நினைக்கும் பலர் நேரே மெஷின் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுகிறார்கள். அது வேண்டாம். கைத்தையல் படிந்த பிள்ளைக்கு நூல் ஏன் சிக்குகிறது, துணி ஏன் சுருங்குகிறது என்பதெல்லாம் விரலிலேயே தெரிந்துவிடும். மெஷின் பிறகு வரட்டும்.

ஐந்தாறு வயதுக்கு ஊசியே தேவையில்லை. அட்டையில் துளைகள் போட்டு, ஷூ லேஸை மேலும் கீழுமாகக் கோக்கச் சொன்னால் போதும். ஏழெட்டு வயதில் முனை மழுங்கிய, காது பெரிதான ஊசியைக் கொடுக்கலாம். எம்ப்ராய்டரி சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். சணல் துணி, மேட்டி துணி போல இழை விலகிய துணியில் அது சுலபமாக இறங்கும். கை பழகியதும் சாதாரண ஊசியும் காடா துணியும்.

நூலின் நீளத்தில்தான் பாதிச் சிக்கல் இருக்கிறது. அடிக்கடி கோக்க வேண்டாமே என்று நீளமாக வெட்டிக்கொடுப்போம். நீள நூல்தான் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும். பிள்ளையின் கையால் ஒரு முழம் போதும். இரட்டை நூல் என்றால் இரண்டு முழம். நுனியைச் சாய்வாக வெட்டி, இரு விரலுக்கு நடுவில் லேசாகத் தெரியும்படி பிடித்துக்கொண்டு, ஊசியின் காதை நூலிடம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

முதல் தையல் ஓட்டுத் தையல். பென்சிலால் கோடு போட்டு, அரை சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள். ஒரு புள்ளியில் இறங்கி அடுத்ததில் ஏற வேண்டும். மேசைமேல் வைத்துத் தைப்பது நல்லது. மடியில் வைத்துத் தைத்தால் பாவாடையும் சேர்ந்து தைபட்டுவிடும். பிள்ளை இடதுகைப் பழக்கம், நீங்கள் வலதுகை என்றால் எதிரே உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் உங்கள் கையைப் பார்த்தே செய்துவிடும். கோணல் தையலைப் பிரித்துச் சரிசெய்து கொடுக்காதீர்கள். அது அந்தப் பிள்ளையின் வேலை, அப்படியே இருக்கட்டும்.

அடுத்து பட்டன். பிள்ளையின் பள்ளிச் சட்டையிலேயே தொடங்கலாம். நான்கு துளைப் பட்டனை வைத்து, அதன்மேல் ஒரு தீக்குச்சியைக் கிடத்தி, குச்சிக்கு மேலாக நூலை ஓட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஜோடித் துளைக்கும் மூன்று நான்கு தடவை. பிறகு குச்சியை உருவிவிட்டுப் பட்டனைத் தூக்கினால் அடியில் கொஞ்சம் இடம் கிடைக்கும். அங்கே நூலை மூன்று சுற்று சுற்றி, துணியின் உள்பக்கம் முடிச்சு. இந்த இடைவெளி இல்லாவிட்டால் காஜாவில் பட்டன் நுழையத் திணறும், துணியும் இழுபடும். தானே தைத்த பட்டனோடு பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அடுத்த பாடத்தை நாம் வற்புறுத்த வேண்டியிருக்காது. ஆண் பிள்ளைகளுக்கும் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். சட்டைப் பட்டன் எல்லோருக்கும்தான் அறுகிறது.

பத்து வயதுக்குமேல், கால் மிதியில் நன்றாக ஊன்றினால், மெஷின். முதலில் நூல் கோக்காமல் கோடு போட்ட நோட்டுத் தாளில் ஓட்டட்டும். சக்கரம் எப்போதும் தைப்பவர் பக்கமாகவே சுழல வேண்டும். பின்னால் சுற்றினால் நூல் சிக்கி அறுந்துவிடும்.

ஊசியை வாயில் கவ்வவும் பாயில் குத்திவைக்கவும் முதல் நாளிலிருந்தே விடாதீர்கள். எழுந்திருக்கும் முன் எண்ணிப் பாருங்கள்; கொடுத்த ஊசி அத்தனையும் டப்பாவுக்குத் திரும்பிய பிறகே பாயைச் சுருட்டுங்கள்.