நடந்தால் வரும் வலி, நின்றால் போவது ஏன்?

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருடன் கடைத்தெரு வழியாக நடந்து சென்ற அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். நீங்கள் பேசிக்கொண்டே செல்கிறீர்கள். அவர் திடீரென நின்றுவிடுகிறார். எதிரே ஜவுளிக் கடை. கண்ணாடிக்கு அப்பால் தொங்கும் கைலிகளை உற்றுப் பார்க்கிறார். விலை கேட்பதில்லை, வாங்குவதும் இல்லை. இரண்டு நிமிடம் கழிந்ததும், "வா தம்பி, போவோம்" என்று மீண்டும் நடக்கத் தொடங்குகிறார்.

எங்கள் பெரியத்தா இப்படித்தான் இரண்டாண்டுக் காலம் நின்று நின்று பள்ளிவாசலுக்கு வந்துகொண்டிருந்தார். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே அரைக் கிலோமீட்டர்கூட இராது. அதற்குள் அவர் நிற்கும் இடங்கள் இரண்டு. ஒன்று அந்த ஜவுளிக் கடை. மற்றொன்று அரிசி மண்டியின் திண்ணையோரம். நாள்தோறும் அதே இடங்கள்தாம். நானும் நாள்தோறும் உடன் நின்றேன். ஏன் என்று கேட்க வேண்டுமென எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு நாள் கேட்டபோது, "கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது தம்பி. வாயுவா இருக்கும்" என்றார். வாயு என்றால் நம் வீடுகளில் அடுத்த சொல் தைலம்தானே! அந்தத் தைலத்தை வாங்கிக் கொடுத்தவன் நானே.

தைலம் கேட்கவில்லை என்றதும் ஒரு மருத்துவரிடம் சென்றோம். முழங்காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். அறுபத்தெட்டு வயது முழங்காலில் தேய்மானம் இல்லாமல் இருக்குமா? இருந்தது. வலி மாத்திரையோடு திரும்பினோம். பெரியத்தாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மளிகைக் கடையில் உட்கார்ந்த நாள் முதல் தினம் ஒரு கட்டு பீடியும் உண்டு. இவ்விரண்டையும் கெண்டைக்கால் வலியையும் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உம்ராவுக்குச் சென்ற இடத்தில்தான் உண்மை வெளிப்பட்டது. ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழு முறை செல்வதென்றால் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவு. இரண்டாம் சுற்றிலேயே பெரியத்தாவால் அடியெடுத்து வைக்க இயலவில்லை. மீதியைச் சக்கர நாற்காலியில் முடித்தார். போதாக்குறைக்கு, கழற்றி வைத்த செருப்பைக் காணாமல், நண்பகல் வெயிலில் வெறுங்காலுடன் தங்குமிடம் வரை நடந்தார். வலக்கால் பெருவிரலில் கொப்புளம் கண்டது. ஊர் திரும்பி ஆறு வாரமாகியும் அப்புண் ஆறவில்லை. விரல் கறுக்கத் தொடங்கியது.

அதன் பிறகே நகரத்தில் இரத்தக் குழாய்ச் சிறப்பு மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் நடந்தால் வலிக்கிறது?" இரண்டாவது, "நின்றால் எவ்வளவு நேரத்தில் போகிறது?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை இரண்டாண்டுகளாக என்னிடமே இருந்தது.

நான் மருத்துவன் அல்லன். மத்ரஸாவில் பாடம் நடத்துபவன். கல்லூரியில் படித்ததும் வரலாறுதான். அவர் விளக்கியதையும், பின்னர் நானே தேடிப் படித்துத் தெளிந்ததையுமே இங்கு எழுதுகிறேன்.

தூர்ந்த வாய்க்கால்

வாய்க்கால் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இந்நோயை விளக்குவது எளிது. வாய்க்கால் பாதி தூர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் நாற்றங்கால் மட்டும் இருக்கும்போது குறை தெரியாது. கசியும் நீரே அதற்குப் போதும். முழு வயலிலும் நடவு செய்துவிட்டால், கடைமடை காய்ந்துபோகும். நம் கால் தசையும் அவ்வாறே. ஓய்வில் இருக்கும்போது அதற்கு வேண்டிய இரத்தம் மிகக் குறைவு. நடக்கத் தொடங்கியதும் அத்தேவை பன்மடங்காகப் பெருகுகிறது. தொடையிலுள்ள தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி சுருங்கியிருந்தால், கேட்கும் அளவுக்கு இரத்தம் வந்து சேர்வதில்லை. பிராணவாயு போதாத தசை வலியால் முறையிடுகிறது. நின்றால் தேவை குறைகிறது. சில நிமிடங்களில் வலியும் மறைகிறது. மீண்டும் நடந்தால் ஏறத்தாழ அதே தொலைவில் மீண்டும் வருகிறது.

இந்த ஒழுங்குதான் இந்நோயின் அடையாளம். மூட்டுத் தேய்மானம் இப்படிக் கணக்கு வைத்து வலிப்பதில்லை. முதல் அடியிலேயே வலிக்கும், சில நாள் அதிகமாகவும் சில நாள் குறைவாகவும் இருக்கும். தொடைக் குழாய் அடைபட்டால் கெண்டைக்காலில் வலி; அடைப்பு அதற்கும் மேலே, வயிற்றுக்குள்ளோ இடுப்பிலோ இருந்தால் தொடையிலும் புட்டத்திலும் வலி.

இதை முதலில் கண்டறிந்தது மனிதனிடத்தில் அன்று, குதிரையிடத்தில்! 1831இல் பூலே என்னும் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர், சற்று ஓடியதும் பின்னங்கால் நொண்டி, ஓய்வு கொடுத்ததும் நலமாகி, மீண்டும் ஓடினால் மீண்டும் நொண்டிய ஒரு வண்டிக் குதிரையைப் பற்றி எழுதினார். அதன் தொடைத் தமனிகள் அடைபட்டிருந்தன. 1858இல் ஷார்க்கோ என்னும் பாரிஸ் மருத்துவர், இடுப்புத் தமனி அடைபட்ட ஒரு மனிதரிடம் இதே நிலையைக் கண்டு விவரித்தார். விட்டு விட்டு வரும் நொண்டல் என்ற பொருளில் மருத்துவ உலகம் இன்றும் வழங்கும் பெயர் அங்கிருந்து வந்ததே. ஜெர்மானியர் பேச்சுவழக்கில் இதற்குக் 'கடைக்கண்ணாடி நோய்' என்று பெயர். வலிக்கும்போது நிற்க வெட்கப்பட்டு, கடையை வேடிக்கை பார்ப்பதுபோல் நிற்பார்களாம். அதைப் படித்தபோது எங்கள் ஜவுளிக் கடைதான் என் கண்முன் வந்து நின்றது.

இது அரிய நோயும் அன்று. 2010ஆம் ஆண்டுக் கணிப்பின்படி உலகில் 20 கோடிப் பேருக்கு மேல் கால் தமனிகளில் இவ்வித அடைப்பு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் காலை இழப்பதில்லை. கவலைக்குரியது வேறொன்று. காலில் படிந்தது காலோடு நிற்பதில்லை. இதயத்துக்கும் மூளைக்கும் செல்லும் குழாய்களிலும் அதே படிவு இருக்க வாய்ப்பு மிகுதி. இந்நோயாளரின் உயிருக்கு மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் நேரும் ஆபத்தே பெரிது. ஆகவே கெண்டைக்கால் வலி, நெஞ்சுக்கு முன்கூட்டியே வந்த கடிதம். நாங்களோ அதைப் பிரிக்காமல் தைலம் தடவிக்கொண்டிருந்தோம்!

கண்டுபிடிப்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து, கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுக்கிறார்கள். விடை 0.9க்குக் கீழே போனால் குழாய் சுருங்கியிருக்கிறது என்று பொருள். பெரியத்தாவின் வலக்காலில் அது 0.5 இருந்தது. நெடுநாள் சர்க்கரை நோயாளருக்குக் குழாய்ச் சுவர் விறைத்துப்போய், எண் பொய்யாகக் கூடியும் காட்டுமாம். அவர்களுக்கு வேறு சோதனைகள் உண்டு. அதைவிட ஒரு சங்கடம்: சர்க்கரை நோய் நரம்புகளை மரத்துப்போகச் செய்துவிட்டால் வலியே தெரியாமலும் இருக்கலாம். அத்தகையவருக்கு ஆறாத புண்தான் முதல் அறிகுறி.

எல்லா வலியும் அடைப்பன்று

இதைப் படித்துவிட்டு, கால் வலிக்கும் ஒவ்வொருவரும் குழாய் அடைத்துவிட்டதாக அஞ்ச வேண்டாம். முதுகெலும்பின் உள்வழி சுருங்கி நரம்புகள் நெருக்குண்டாலும் நடக்கும்போது இரு கால்களிலும் வலியும் மதமதப்பும் தோன்றும். ஆனால் அவருக்கு நின்றால் போதாது. உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். நூறடி நடக்க இயலாத அவர் சைக்கிளில் ஊரைச் சுற்றி வருவார். குனிந்து மிதிப்பதால் நரம்புக்கு இடம் கிடைக்கிறது. நின்றால் போகிறதா, உட்கார்ந்தால்தான் போகிறதா? இந்த ஒரு கேள்வியே பெரும்பாலும் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

நம் பெண்மக்களின் வலி பெரும்பாலும் வேறு வகை. எங்கள் மாமி ஒருவருக்குக் கெண்டைக்காலில் ஒன்றுமில்லை. தொடையும் இடுப்பும்தான் வலித்தன. மாடிப்படி ஏறுவது கடினம். ஸஜ்தாவிலிருந்து எழும்போது தரையில் கையை ஊன்றியும் எழ முடியாது. உடலை இருபுறமும் அசைத்து அசைத்து நடப்பார். "உடம்பு கனம்" என்று சொல்லி மருமகள்கள் சிரித்ததுண்டு. இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகக் குறைந்திருப்பது தெரிந்தது. அச்சத்து குறைந்தால் எலும்பு மெலிவதோடு இடுப்பையும் தொடையையும் சார்ந்த தசைகளும் வலுவிழக்கின்றன. வெயில் படாமலே வீட்டுக்குள் வாழ்வோருக்கு இது எளிதில் நேர்கிறது. நம் நாட்டில் வெயிலுக்கா பஞ்சம்? முற்றமும் மொட்டை மாடியும் கோஷாவுக்குள் அடங்கியவையே. மறைவாக அங்கே சற்று நேரம் வெயிலில் இருப்பதை யாரும் தடுக்கவில்லை. மாமி மருத்துவர் சொன்ன அளவில் மருந்து உண்டு, சில மாதங்களில் கை ஊன்றாமல் எழுந்தார். கடையில் தாமாக வாங்கி அளவின்றி விழுங்குவது தீங்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தைராய்டு சுரப்பு குறைவதும் தசை வலி தரும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையால் சிலருக்கு இரு கால்களிலும் வலி வருவதுண்டு. வந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ள வேண்டும். தாமே நிறுத்திவிடக் கூடாது. ஏனெனில் குழாய் அடைப்புள்ளவரைக் காப்பதும் அதே மாத்திரைதான். இரவில் படுக்கையில் கெண்டைக்கால் சுண்டி இழுப்பது இவற்றில் எதையும் சேர்ந்ததன்று. காலை நீட்டி, பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் விட்டுவிடும்.

இரண்டு நிலைகளில் மட்டும் தாமதமே கூடாது. கால் திடீரெனச் சில்லிட்டு, வெளுத்து, மரத்து, கடுமையாக வலித்தால் குழாய் முற்றாக அடைபட்டிருக்கலாம். சில மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தால்தான் கால் தப்பும். மற்றது, பிரசவத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ நெடும்பயணத்துக்கோ பின் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலிப்பது. அது உள்நாளத்தில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அந்தக் காலை உருவிவிடவே கூடாது. உறைந்தது பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்றுவிடும்.

மருந்தாகும் நடை

இனிப் பெரியத்தாவின் செய்திக்கு வருகிறேன். தொடைக் குழாயில் பலூன் செலுத்தி அடைப்பை விரித்தார்கள். பாதத்துக்கு இரத்தம் வந்தது. விரலைக் காக்க இயலவில்லை, எடுத்துவிட்டார்கள். "வலி தொடங்கிய காலத்திலேயே வந்திருந்தால் இவருக்கு இதில் எதுவுமே தேவைப்பட்டிராது" என்று மருத்துவர் சொன்னபோது, பெரியத்தா என்னைப் பார்க்கவில்லை. பெரிய மனசு அவருக்கு.

மருத்துவர் இட்ட முதற்கட்டளை பீடியை விடுவது. குறைப்பதன்று, விடுவது. புகையிலையைப்போல் கால் குழாய்களைக் கெடுப்பது வேறொன்றுமில்லை. 1908இல் நியூயார்க் மருத்துவர் லியோ பர்கர் விவரித்த மற்றொரு நோய் உண்டு. அது முதியவரை அன்று, நாற்பத்தைந்து வயதைத் தாண்டாத இளைஞரைப் பிடிக்கிறது. பிடிபடுவோர் ஏறத்தாழ எல்லாரும் புகையிலைக்காரர்கள். நம் நாட்டில் பீடி குடிப்போரிடையே மிகுதி. முற்றாக விட்டால் கால் மிஞ்சுகிறது; தொடர்ந்தால் ஒவ்வொரு விரலாகப் போகிறது. வெற்றிலையோடு அடக்கிக்கொள்ளும் புகையிலைக்கும் இதில் விலக்கில்லை என்பதை நம் வீட்டு மூத்த பெண்களும் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது கட்டளைதான் எங்களை வியக்க வைத்தது. புண் ஆறியதும் நடக்கச் சொன்னார்! நடந்தால் வலிக்கும் நோய்க்கு நடையே மருந்து. வலி ஓரளவு வலுக்கும் வரை நடக்க வேண்டும், நிற்க வேண்டும், முற்றும் போனதும் மீண்டும் நடக்க வேண்டும். இப்படி ஒரு வேளைக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம், வாரத்தில் குறைந்தது மூன்று நாள், மூன்று மாதமாவது. அடைப்பு கரைந்துவிடுவதில்லை. கிடைக்கும் இரத்தத்தைக் கொண்டு அதிகம் வேலை செய்யத் தசை பழகிக்கொள்கிறது. வலிக்குப் பயந்து திண்ணையோடு இருந்துவிட்டால் தசை மேலும் மெலியும். ஆனால் பாதத்தில் புண் இருப்பவரும், படுத்திருக்கும்போதே பாதம் வலித்துக் காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டுக்கொள்பவரும் இந்நடையைத் தொடங்கலாகாது. அவர்கள் உடனே மருத்துவரைக் காண வேண்டியவர்கள்.

ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ ஆயத்தமாகும் சர்க்கரை நோயாளரும் புகைப்பவரும் புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே இந்தக் கணுக்கால் சோதனையைச் செய்துகொள்வது நலம். செருப்பை வாசலில் விடாமல் ஒரு பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருக்கும்போதும், ஒளுவுக்காக நாளில் பலமுறை காலைக் கழுவும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கழுவும்போதே விரலிடுக்குகளைப் பாருங்கள். வெடிப்போ கொப்புளமோ நிறமாற்றமோ உண்டா என்று கவனியுங்கள். பின் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். பார்வை மங்கிய பெரியவராக இருந்தால் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

மருத்துவரிடம் போகும்போது "கால் வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த இடத்தில் வலிக்கிறது, எத்தனை அடி நடந்தபின் வருகிறது, நின்றால் போகிறதா உட்கார்ந்தால் போகிறதா, எத்தனை நிமிடத்தில் போகிறது என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். பெரியத்தாவின் நடைக்கணக்கை ஒரு பழைய நோட்டில் நான் எழுதி வந்தேன். முதல் வாரம் நூற்றிருபது அடியில் நின்றார். பத்தாம் வாரம் ஜவுளிக் கடையைத் தாண்டினார். இப்போது அரிசி மண்டித் திண்ணையில் ஒரு முறை மட்டும் நிற்கிறார். அதுவும் வலியாலா, மண்டிக்காரருடன் பேசும் ஆசையாலா என்று கேட்டால் சிரிக்கிறாரே ஒழியச் சொல்வதில்லை.